உயரம் எதிலிருந்து?

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுவோர் கைத்தொலைபேசியின் வழிகாட்டும் செயலியில் உயரம் பார்ப்பதுண்டு. அவ்வெண் எதனை அடியாகக் கொண்டது என ஆராய்தல் நலம்.

நில அளவையில் தீபகற்ப மலேசியாவுக்கு அடிப்படை, கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல்மட்டமாகும். துணைக்கோள் முறையோ, கணிதத்தால் வகுத்த, துருவங்களில் சற்றே தட்டையான கோளத்திலிருந்து அளக்கிறது. புவியீர்ப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதால், கடல்மட்டம் அக்கோளத்தினின்று ஏறியும் இறங்கியும் அமைந்துள்ளது. சென்னையில் 80 மீட்டருக்கு மேல் தாழ்ந்துள்ளது. திருத்தாத செயலி, மெரினாவில் நிற்பவரைக் கடலுக்கடியில் நிற்பதாகக் காட்டும்! நம் தீபகற்பத்தில் வேறுபாடு சிறிது, எனினும் உண்டு. இடவாரியான திருத்த அட்டவணையைச் செயலியில் சேர்த்தால் இப்பிழை நீங்கும்.

மற்றொரு குறையும் உளது. துணைக்கோள்கள் நமக்கு மேலேயன்றிக் கீழே இல்லை. ஆதலின் கிடைநிலையைவிட உயரத்தில் பிழை மிகும். சில கைத்தொலைபேசிகளிலுள்ள காற்றழுத்தமானி இதற்குத் துணையாகும். தாழ்நிலத்தில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 மில்லிபார் குறையும். ஆயின் மழை, வெயிலாலும் அழுத்தம் மாறும். எனவே புறப்படுமுன், உயரம் தெரிந்த ஓரிடத்தில் அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மாணவர் உயரத்தைச் சொன்னால், ‘எதிலிருந்து?’ என ஆசிரியர் வினவுக. புவியியற் பாடம் அங்கே தொடங்கும்.