அட்டைப்பெட்டி விலையும் அயல்நாட்டு வாணிபமும்

ஆரணி என்றால் பட்டும் அரிசியும் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் ஊர் முழுவதும் புழங்கியும் நாம் கவனிக்காத சரக்கு ஒன்று உண்டு; அது காகிதம். ஜக்கார்டு தறியில் புட்டாவைத் தீர்மானிப்பது துளையிட்ட அட்டை. நெய்த சேலை வெளியூர் போவதும், மளிகைக் கடைக்கு சோப்பும் பிஸ்கட்டும் வந்து இறங்குவதும் அட்டைப்பெட்டியில்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்த பிறகு காகிதப் பையின் தேவையும் கூடியது. ஆகவே இதன் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

கப்பல் ஏறிய பழைய பெட்டி

ஒரு காலத்தில் கனடா, பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய காடு நிறைந்த நாடுகளே காகித ஏற்றுமதியில் முன்னின்றன. பிறகு விரைவில் வளரும் மரங்களைக் கொண்டு பிரேசிலும் இந்தோனேசியாவும் போட்டிக்கு வந்தன. சீனா வந்த வழி வேறு. அமெரிக்காவில் சரக்கை இறக்கிய கப்பல்கள் காலியாகத் திரும்பாமல், குறைந்த வாடகைக்குப் பழைய அட்டையை ஏற்றிச் சென்றன. அதைக் கூழாக்கி, மறுபடியும் பெட்டி செய்து, சரக்கோடு அனுப்பினார்கள். 1995-இல் நைன் டிராகன்ஸ் ஆலையைத் தொடங்கிய ஜாங் யின் என்ற பெண்மணி, இந்த வியாபாரத்தாலேயே 2006-இல் சீனப் பணக்காரர் பட்டியலில் முதலிடம் பெற்றார்.

2018-இல் பழைய காகிதத்தில் கலப்பு அரை சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது சீன அரசு. 2021 ஜனவரி 1 முதல் அந்த இறக்குமதியையே நிறுத்திவிட்டது. கச்சாப்பொருள் குறைந்த சீனர்கள், நம் நாட்டு ஆலைகளிடம் கிராப்ட் காகிதமாகவே வாங்கினார்கள். கொரோனா காலத்துக் கண்டெய்னர் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 2020-21-இல் கிராப்ட் விலை உயர்ந்தது. பெட்டி தயாரிப்பாளர்கள் குரல் எழுப்பினர். பீகிங்கில் போட்ட உத்தரவு, நம் பெட்டிக்காரர் பில்லில் வந்து நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

கணக்குப் பார்க்கும் முறை

நாடுகளை ஒப்பிடும்போது பணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. விலை ஏறிய ஆண்டில், சரக்கு குறைந்தாலும் தொகை பெருகித் தெரியும். நெல் வியாபாரத்தில் பில் தொகையோடு மூட்டைக் கணக்கும் பார்ப்பதில்லையா? அதுபோல டன் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏற்றுமதியில் இறக்குமதியைக் கழித்தும் பார்க்க வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகள் ஏராளமாக விற்கின்றன. ஏராளமாக வாங்கவும் செய்கின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்திடம் 1961 முதல் இந்தக் கணக்கு இருக்கிறது.

நம் மாநிலமும் சளைத்ததல்ல. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலை 1984-இல் கரூர் அருகே உற்பத்தியைத் தொடங்கியது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனுள்ள அதன் அட்டை ஆலை 2016-இல் வந்தது. ஆனால் 2010-இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தால் வெளிநாட்டுக் காகிதம் மலிவாக வருகிறது. ஆலைக்கு அது நஷ்டம், வாங்குபவருக்கு லாபம்.

நாம் செய்ய வேண்டியது

பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எத்தனை அடுக்கு, என்ன எடை என்று எழுதி வாங்க வேண்டும். விலை ஏறும் காலத்தில் சிலர் காகிதத்தின் கனத்தைக் குறைத்துப் பழைய விலைக்கே தருவதுண்டு. காலிப் பெட்டிகளை நனையாமல், பிளாஸ்டிக் கலக்காமல் அடுக்கி வைத்தால் எடைக்குப் போடும்போது நல்ல விலை கேட்கலாம். கடைக்குப் பின்னால் குப்பையாகக் கிடக்கும் அந்தப் பெட்டி, கப்பல் ஏறி நாடு விட்டு நாடு போகும் சரக்கு.