அமுக்க நீர்க் கழுவி: வாங்குவதா, பொருத்துவதா?

உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கழுவிக் கொடுத்து வருமானம் தேட விரும்பும் குடும்பங்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. கடனாகப் பெற்ற பணத்தைச் செலவிடுமுன் சற்று அமர்ந்து கணக்குப் பார்ப்போம்.

பெட்டியில் வரும் சிறிய இயந்திரத்தில் மோட்டரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும். அமுக்கம் பெரும்பாலும் 100 பாருக்கு மேல். நீரோ நிமிடத்துக்கு 6, 7 லீற்றர் அளவுதான். இது வீட்டுப் பாவனைக்கென்று செய்யப்பட்டது. நாள் முழுவதும் ஓடினால் மோட்டர் சூடாகிப் பழுதடையும். ஒரு பாகம் பழுதானால் முழுவதையும் எறிய நேரிடலாம். மின்சாரம் இல்லாத காணியில் இதனால் பயனில்லை.

மற்றது, பயிருக்கு மருந்தடிக்கப் பயன்படும் மூன்று பிஸ்டன் பம்பை எஞ்சினுடன் பெல்ட்டால் இணைப்பது. இது 30 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் வரை தரக்கூடியது. சேற்றை அமுக்கம் பெயர்க்கும். கொண்டு போவது நீர். வயற்சேறு படிந்த சில்லுக்கு நீரின் அளவும் முக்கியம்.

தேவையான வலுவை நாமே கணிக்கலாம். அமுக்கத்தை நீரின் அளவால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாற்று வரும். 30 × 20 ÷ 600 = 1 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 1.3 குதிரைவலு. உராய்வு இழப்பையும் சேர்த்தால் 2 முதல் 3 குதிரைவலு போதும். எனவே 5.5 குதிரைவலு எஞ்சின் தாராளம்.

அடுத்தது வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட, பம்பு 900 சுற்று ஓடவேண்டுமென்று வைப்போம். எஞ்சினில் 3 அங்குலப் புல்லியும் பம்பில் 10 அங்குலப் புல்லியும் பூட்டினால் சரியாகும். மாறிப் பூட்டினால் பம்பு அழிந்துவிடும்.

செலவு குறைக்கவென்று மூன்றை விட்டுவிடக் கூடாது. துப்பாக்கியை மூடும்போது நீரைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வு இல்லாவிட்டால் ஓஸ் வெடிக்கும். உறிஞ்சும் குழாயில் வடிகட்டி இல்லாவிட்டால் மணல் பிஸ்டனைத் தேய்க்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாவிட்டால் சேலையும் சாரமும் சிக்கும். நீரின்றிப் பம்பை ஓடவிட்டால் சீல்கள் கருகும். தாரையை எவர்மீதும் பிடிக்காதீர்கள். அமுக்கம் கூடிய தாரை தோலைத் துளைக்கும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இடத்தையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவெண்ணெய் விரைவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கழுவும் நீரைக் கிணற்றடியில் விடாதீர்கள்.

இனி முடிவுக்கு வருவோம். எப்போதாவது கழுவுபவருக்குப் பெட்டி இயந்திரம் போதும். பொருத்தத் தெரிந்த நம்பிக்கையான மெக்கானிக் அருகில் இல்லாவிட்டாலும் அதுவே நல்லது. ஆனால் தொழிலாகச் செய்பவர் பாகங்களாக வாங்குவதே நன்று. பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். மருந்தடிக்கும் காலத்தில் அதே பம்பு தோட்டத்துக்கு உதவும். பெல்ட்டைக் கழற்றினால் அதே எஞ்சின் இறைப்புப் பம்பையும் சுழற்றும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களைப் போல, ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பத்துக்கு இதன் பெறுமதி புரியும். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில், பிரித்து ஏற்றிச் சென்று மீண்டும் பூட்டக்கூடிய முதல் அது.