பெட்டிமுடியின் படம் போட்டிக்குப் போகலாமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, பாலக்காடு ஜங்ஷனில் பணி முடிந்து வெளியே வந்தபோது இளைஞர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து, கோவையில் கல்லூரியில் படிப்பவர். பெட்டிமுடியில் இறந்தோரின் நினைவு நாளன்று செல்போனில் எடுத்த இருபது படங்களைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இணையத்தில் வருகிற படச் செய்திகளுக்குப் போட்டி வைக்கிறார்களாம். இதை அனுப்பலாமா?" என்று கேட்டார்.

பகலில் ரயில்வே குமாஸ்தா, ஓய்வு நேரத்தில் பத்திரிகை நிருபர். பத்தாவது வரை படித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு நான் விசாரித்து அறிந்தவற்றை, நம் எல்லைப் பகுதியில் கேமராவும் செல்போனுமாய் அலையும் மற்ற இளைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

போட்டியின் வரலாறு

செய்திப் படங்களுக்கான போட்டிகளில் உலகப் புகழ் பெற்றது 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ'. 1955-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் தொடங்கியது. இணையத்துக்கென்றே படமும் ஒலியும் சேர்த்துச் சொல்லப்படும் கதைகளுக்காக 2011 முதல் சில ஆண்டுகள் தனிப் போட்டியும் நடத்தியது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் இப்போட்டிக்கும் மறக்க முடியாத தொடர்பு ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. அடுத்த இரண்டாம் நாள், கடலூரில், இறந்துபோன உறவினர் அருகே மணலில் விழுந்து கதறும் ஒரு பெண்ணை, ராய்ட்டர் நிறுவனப் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா படம் எடுத்தார். அவ்வாண்டின் உலகச் சிறந்த செய்திப் படமாக அதுவே தேர்வு பெற்றது. இறந்தவரின் முகம் அதில் இல்லை. ஒரு கை மட்டுமே தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

விதிகள் கடுமையானவை

போட்டியில் கலந்துகொள்வோர் பத்திரிகைப் படத்தைத் தொழிலாகக் கொண்டவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும், இருப்பதை அழிப்பதும் கூடாது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களுக்கு இடமில்லை. இறுதிச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்குக் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இச்சோதனையில் தள்ளுபடியாயிற்று.

படக்குறிப்பும் உண்மையாக இருக்க வேண்டும். அதே 2015-இல் இத்தாலியப் புகைப்படக்காரர் ஒருவருக்கு அளித்த முதல் பரிசு திரும்பப் பெறப்பட்டது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரைப் பற்றிய அவரது படத்தொகுப்பில் ஒரு படம், உண்மையில் வேறு ஊரில் எடுக்கப்பட்டது என்பதே காரணம். ஊர்ப் பெயரைத் தவறாகப் போட்டால் உலகப் பரிசும் போய்விடும்!

ஆகவே நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்து விடாதீர்கள். அதில் படம் சுருங்கும். எடுத்த நாள், நேரம் பற்றிய பதிவும் உதிர்ந்துபோகும். யார், எங்கே, எப்போது என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்ளும் போட்டிகளும் உண்டு. கையெழுத்திடுமுன் விதிகளைப் படியுங்கள்.

படம் எதற்கு?

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியுலகை எட்டியபோது பொழுது விடிந்துவிட்டது. இறந்தோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

மறுநாள் இரவே கரிப்பூரில் விமான விபத்து நேர்ந்தது. கேமராக்கள் அங்கே திரும்பின. விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 இலட்சம். இந்த வேறுபாடு அப்போதே கேள்விக்குள்ளானதை வாசகர்கள் அறிவார்கள். யாரும் பார்க்காத துயரம் மறக்கப்படும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதையாக மாறிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில், 1924 வெள்ளத்தில் அழிந்தது. இன்று அது ஓடியதற்குச் சாட்சி சில இடிபாடுகளும் பழைய புகைப்படங்களுமே. அந்த வெள்ளத்தில் தொழிலாளி பட்ட பாட்டுக்கு அத்தகைய சாட்சியும் அரிது.

ஏழைமை காட்சிப் பொருளா?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-ஆம் ஆண்டு, இந்தியக் கிராமத்து ஏழைகளைப் போலி உணவு பரப்பிய மேசைகளின் முன் நிறுத்தி எடுத்த படங்கள், வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளிவந்தன. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பசித்தவனைப் படத்துக்கு அலங்காரமாக்கினால் அது செய்தி ஆகாது.

நானும் குற்றமற்றவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழையில், எஸ்டேட் லயம் ஒன்றில் சுவர் இடிந்து விழுந்தது. அதன் முன் அழுதுகொண்டிருந்த மூதாட்டியைப் படம் எடுத்தேன். "படம் போட்டா செவுரு வந்திருமா தம்பி?" என்று கேட்டார். "வரும் பாட்டி" என்றேன். படம் வந்தது; சுவர் வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

இளைஞர் வந்து கேட்ட பிறகுதான், படத்தின் பிரதியோடு அந்த லயத்துக்குச் சென்றேன். சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. இதைப் போட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சி வேண்டாம் தம்பி. பேரன் இங்கேதான் வேலை பார்க்கான். தார்ப்பாயைப் போடு, லயத்து நம்பரைப் போடு" என்றார்.

பழைய படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். தார்ப்பாயைப் படம் எடுத்துக்கொண்டேன்.

நம்மவர் காட்டும் வழி

மதுரை அருகே மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்தவர் எம். பழனி குமார். 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். உழைக்கும் மக்களின் வாழ்வைப் படமெடுத்து வரும் இவருக்கு, 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. விருது அவரைத் தேடி வந்தது. அவர் தேடிப் போனது தம் மக்களை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' இணைய தளம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிராமத்து வாழ்வைப் படங்களோடு வெளியிடுகிறது. மாணவர்களின் படைப்புகளுக்கும் அங்கே இடமுண்டு. தொழில்முறைச் சான்று இல்லாத நம் இளைஞருக்கு இதுவே ஏற்ற வாசல் என்று சொன்னேன்.

"ஆனால் அனுப்புமுன், படத்தில் இருப்பவர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்" என்றும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. இருபது படங்களில் ஏழை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மீதிப் பதின்மூன்றுக்கும் அவர்களே உட்கார்ந்து, இறந்தவர்களின் பெயர், ஊர், வேலை பார்த்த மலை எல்லாம் சொல்லி எழுத வைத்தார்களாம்.

"ஏழு படம் போச்சே அண்ணாச்சி, நல்ல படங்கள்" என்றார்.

"போகட்டும். பெயர்கள் வந்தனவே" என்றேன்.