குடியிருப்பு மண்டலத்தில் ஒரு கிடாய்

பாபலு ஆயே என்று ஒரு சாமி. அம்மை போடுவதும் அவர்தான், இறக்குவதும் அவர்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுடைய சாமி. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு கியூபாவுக்குப் போனார். அங்கே கத்தோலிக்கப் புனிதர் லாசரஸின் உருவத்துக்குள் குடிபுகுந்தார். உடம்பெல்லாம் புண், கையில் ஊன்றுகோல், காலடியில் நாய்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்த நமக்கு இவரை விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது. இவருக்கும் இவரைச் சேர்ந்த மற்ற சாமிகளுக்கும் கோழி, புறா, ஆடு பலி கொடுப்பார்கள். பெரும்பாலான சடங்குகளில் அந்தக் கறியைச் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த வழிபாட்டுக்குச் சான்டெரியா என்று பெயர்.

காஸ்ட்ரோவின் ஆட்சி வந்த பிறகு கியூபாவை விட்டுக் கிளம்பியவர்களோடு இந்தச் சாமிகளும் ஃப்ளோரிடா வந்து சேர்ந்தார்கள். தெற்கு ஃப்ளோரிடாவில் மட்டும் குறைந்தது 50,000 பேர் இவர்களைக் கும்பிடுகிறார்கள் என்று 1980களின் இறுதியில் ஒரு நீதிமன்றம் கணக்கிட்டது. ஆனால் கோயில் என்று ஒன்று வெளிப்படையாக இல்லை. எல்லாமே வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. 1987 ஏப்ரலில் மயாமியை ஒட்டிய ஹயாலியா நகரத்தில் எர்னெஸ்டோ பிச்சார்டோ என்ற பூசாரியின் தலைமையில் இயங்கிய சபை ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்தது. கோயிலோடு பள்ளிக்கூடம், பண்பாட்டு மையம், அருங்காட்சியகம் எல்லாம் அங்கே வரும் என்று அறிவித்தது.

ஊர் கொந்தளித்தது. ஜூன் 9 அன்று நகரமன்றம் அவசரமாகக் கூடியது. இந்தச் சபை திறக்கவிடாமல் தடுக்க நம்மால் என்ன செய்ய முடியும் என்று மன்றத் தலைவரே கேட்டது பதிவில் இருக்கிறது. புரட்சிக்கு முந்தைய கியூபாவில் இந்த மதத்தைப் பின்பற்றியவர்களைச் சிறையில் போட்டார்கள் என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. அந்தக் கூட்டத்திலும் கியூபாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

அடுத்த சில மாதங்களில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செப்டம்பரில் நிறைவேறிய மூன்று சட்டங்களில் ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நகர எல்லைக்குள், இறைச்சிக்கூடத்துக்கென ஒதுக்கிய மண்டலத்துக்கு வெளியே உணவுக்காக விலங்கை அறுக்கக் கூடாது என்றது அது. இந்தச் சட்டங்களை மீறினால் 500 டாலர் வரை அபராதம் அல்லது 60 நாள் வரை சிறை, அல்லது இரண்டுமே. படிப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆட்டுத்தொட்டி ஒரு பக்கம், குடியிருப்பு ஒரு பக்கம். நம் ஊரிலும் அதைத்தானே கேட்கிறோம்? ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. வாரத்துக்குச் சில பன்றிகளையோ மாடுகளையோ விற்பனைக்காக அறுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நகரங்களை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை என்று கோடு போடும் அதிகாரத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1926-ல். ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கு அது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து ஓர் உவமை சொன்னார்: ஒரு பொருள் நல்லதாகவே இருக்கலாம், இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் தொல்லையாகிவிடும், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல. இன்றுவரை மண்டலச் சட்டம் படிக்கும் மாணவர்கள் முதலில் சந்திப்பது இந்தப் பன்றியைத்தான்.

பன்றி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் கேள்வி. அதைத் தொழுவத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள், எப்படிக் கொல்கிறார்கள் என்பது அதன் கண்ணில் படுவதில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றி விவசாய நிலத்தைக் குடியிருப்பாக்கும் ஒவ்வொரு ஊரிலும் இதுதான் நடக்கிறது. நேற்றுவரை யாரையும் உறுத்தாத மாட்டுக் கொட்டகை, மனை விற்றுத் தீர்ந்ததும் ஒரு புகார் மனுவாக மாறுகிறது. புகாரில் சாணி நாற்றம் இருக்கும், கொசு இருக்கும், சேவல் கூவும் சத்தம் இருக்கும். மாடும் சேவலும் அதில் இருக்காது.

ஹயாலியாவின் சட்டங்களை எதிர்த்துச் சபை போட்ட வழக்குக்கு வருகிறேன். முதலில் விசாரித்த நீதிமன்றம் ஒன்பது நாள் சாட்சியம் கேட்டு, 1989-ல் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணங்கள் நான்கு: சுகாதாரம், பலியைப் பார்க்கும் குழந்தைகளின் மனம், விலங்குகளைக் கொடுமையான கொலையிலிருந்து காப்பது, அறுப்பதை அதற்குரிய மண்டலத்துக்குள் நிறுத்துவது. மூன்றாவது காரணத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கழுத்தின் பக்கத்தில் கத்தியைச் செருகும் முறையில் இரண்டு முக்கிய ரத்தக்குழாய்களும் ஒரே நேரத்தில் அறுபடும் என்று சொல்ல முடியாது; அப்படி அறுபடாவிட்டால் அந்த உயிர் துடித்துத்தான் சாகும். இது சாட்சியத்தில் வந்தது, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நான் சிறுவயதில் வளர்த்த கிடாய் நினைவுக்கு வராமல் இதை எழுத முடியவில்லை. இரண்டு வருடம் அகத்திக்கீரை பறித்துப் போட்டு வளர்த்தது. கோயில் வாசலில் மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலிர்க்கும்வரை யாரும் அரிவாளைத் தொடவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்துடா" என்றார் பெரியப்பா. நான்தான் சொம்பை வைத்திருந்தேன், ஊற்றினேன். சிலிர்த்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த உடம்பும் சிலிர்க்கும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தது. கேட்காமல் கொல்வது பாவம் என்ற ஓர் உணர்வு அந்தச் சடங்குக்குள் இருந்தது. அன்றைக்கு நான் கறி சாப்பிடவில்லை. பெரியப்பாவின் மேல் இன்றுவரை எனக்குக் கோபமும் இல்லை.

உயிர்ப்பலி எனக்கு உடன்பாடில்லை. அப்படி இருந்தும் 1993 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து ஹயாலியாவின் சட்டங்களைச் செல்லாது என்று தள்ளியது சரி என்றே சொல்வேன். தீர்ப்பை எழுதிய அந்தோணி கென்னடி செய்தது எளிய காரியம். இந்த ஊரில் எந்தெந்தக் கொலைக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். மீன் பிடிக்கலாம். வேட்டையாடலாம். வீட்டில் எலியைக் கொல்லலாம், முற்றத்தில் விஷம் வைக்கலாம். யாருக்கும் வேண்டாத நாயையும் பூனையையும் ஊசி போட்டுக் கொல்லலாம். மருத்துவ ஆராய்ச்சிக்காக வலி கொடுக்கலாம். யூத முறைப்படி அறுப்பதற்குத் தடையில்லை. பந்தய நாய்களைப் பழக்க உயிருள்ள முயல்களைப் பயன்படுத்துவது தேவையற்ற கொடுமை ஆகாது என்று 1975-ல் ஒரு ஃப்ளோரிடா நீதிமன்றமே சொல்லியிருந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு வலை விரித்தால் அதில் சிக்குவது ஒரே ஒரு கூட்டம்தான். கழிவுதான் கவலை என்றால் எல்லோருடைய கழிவுக்கும் சட்டம் போடு; அறுக்கும் முறைதான் கவலை என்றால் எல்லோருடைய கத்திக்கும் சட்டம் போடு. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

நீதிபதி ஹாரி பிளாக்மன் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். விலங்குநல அமைப்புகள் பல இந்த வழக்கில் மனுப் போட்டிருந்தன. விலங்குகளைக் காக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறையோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்து, அதிலிருந்து ஒரு மதத்தார் விலக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதற்கு இன்று விடை சொல்லவில்லை என்றார். அந்தக் கேள்வி இந்த வழக்கில் எழவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு சட்டத்தை ஹயாலியா எழுதவே இல்லை. என் வருத்தம் இதுதான். அண்டை வீட்டுக்காரனை விரட்ட ஆட்டைக் காரணமாகக் காட்டினார்கள். வழக்குத் தோற்றதும் அண்டை வீட்டுக்காரன் மிஞ்சினான். ஆட்டின் பக்கம் நின்று பேச அந்த மன்றத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பதினாறு வருடம் கழித்து இதே கதை இன்னும் சிறிய ஊருக்கு வந்தது. டெக்சாஸில் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே, பெரிய விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது யூலெஸ். அப்போது சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புத் தெரு ஒன்றில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த சான்டெரியா பூசாரி ஒருவர் குடியிருந்தார். தன் வீட்டிலேயே பல வருடங்களாகச் சடங்குகளை நடத்திவந்தார். 2004-ல் யாரோ பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க, போலீஸ் வந்தது. 2006-ல் நகராட்சி தெளிவாகவே சொல்லிவிட்டது: இங்கே ஆடு வெட்ட முடியாது, அனுமதியும் தர முடியாது.

ஒரு புதிய பூசாரிக்குத் தீட்சை கொடுக்க ஒன்பது வரை ஆடு, செம்மறி, இருபது வரை கோழி முதலான பறவைகள், ஓர் ஆமை வேண்டும். ஒரு குடியிருப்புத் தெருவில் இதைக் கேள்விப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் திகைப்பு வராதா? வரும். அந்தத் திகைப்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 2009 ஜூலை இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியிடம் ஆதாரம் கேட்டபோது கொடுக்க ஒன்றும் இல்லை. யாருக்கும் நோய் வந்ததாக இல்லை, கழிவைத் தெருவில் போட்டதாக இல்லை. வேட்டையாடிய மானை வீட்டுக்குக் கொண்டுவந்து அறுப்பவர்களை அதே ஊர் தடுக்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கோழியும் வான்கோழியும் அறுப்பதற்கு அதன் சட்டத்திலேயே இடம் இருந்தது. இந்த மதத்தில் பூசாரியின் வீடுதான் கோயில், ஊருக்கு வெளியே போய்ச் செய் என்றால் செய்யாதே என்று சொல்வதுதான் என்றது நீதிமன்றம். 1999-ல் டெக்சாஸ் கொண்டுவந்த மதச் சுதந்திரச் சட்டத்தின்படி பூசாரி ஜெயித்தார்.

இந்த இரண்டு வழக்குகளையும் படிக்கும்போது நம் ஊரில் நடந்தது கண்முன் வருகிறது. கோயிலில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் இங்கே 1950 முதலே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கறாராக அமல்படுத்தும்படி தமிழக அரசு ஆணையிட்டது. அய்யனார், முனியாண்டி, கருப்பசாமி கோயில்களில் கிடாய் வெட்டு நின்றது. அதே தெருவில் கறிக்கடை வழக்கம்போல் நடந்தது. அந்தக் கடைக்கு வண்டியில் நெருக்கியடித்து வந்த ஆடுகளைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை. கிராமங்கள் கொதித்தன, 2004 தொடக்கத்தில் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஹயாலியாவைப் போலவே இங்கும், சட்டம் போனபோது விலங்கைப் பற்றிய பேச்சும் அதோடு போய்விட்டது.

அதற்குப் பிறகும் நம்மிடம் இருப்பது என்ன? நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது என்கிறது 2001-ன் மத்திய அரசு விதி. ஒரு மதம் கேட்கும் முறையில் கொன்றால் குற்றமில்லை என்கிறது 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. அதே சட்டம் விலங்கை வதைப்பவருக்கு முதல் முறை விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஒரு டீயும் வடையும் வாங்கும் காசு. இதை உயர்த்தச் சொல்லிப் போராடும் ஊர்க்காரர்களை நான் பார்த்ததில்லை. பக்கத்து மனையில் மாடு கட்டியிருப்பதை எதிர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒன்று நடைமுறைக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு ஃப்ளோரிடாவையே காட்டலாம். 1920களின் தொடக்கத்தில் அம்மாநிலத்தின் முதல் நாய்ப் பந்தயங்கள் சிலவற்றை நடத்திய ஊர் ஹயாலியா. முயல்களைக் காவு கொடுத்துப் பழக்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களும், நாளின் பெரும்பகுதியைக் கூண்டில் கழித்துவிட்டு ஓடுதளத்தில் காலொடிந்து விழும் நாய்களுமாக ஒரு நூற்றாண்டு ஓடியது அந்தத் தொழில். 2018 நவம்பரில் நாய்ப் பந்தயத்தை நிறுத்தலாமா என்று மாநிலம் முழுக்க மக்களிடமே கேட்டார்கள். நிறுத்த 60 சதவீத வாக்கு வேண்டும். 69 சதவீதம் விழுந்தது. எந்த ஊர்க்காரன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்ற பேச்சே அதில் இல்லை. 2020 டிசம்பர் 31 இரவு பாம் பீச் ஓடுதளத்தில் கடைசிப் பந்தயம் நடந்தது.

ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. தன்னார்வக் குழுக்கள் அவற்றை வாங்கி, மற்ற மாநிலங்களுக்கும் வண்டி ஏற்றி அனுப்பின. கூண்டைத் தவிர வேறொன்றும் அறியாத அந்த நாய்களுக்குப் படியேறக்கூடத் தெரியாது. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாமல் முட்டிக்கொள்ளும். புதிதாக எடுத்து வளர்ப்பவர்கள் முதல் வாரம் முழுக்கச் செய்கிற வேலை, ஒரு காலை எடுத்து அடுத்த படியில் வைத்து, இன்னொரு காலை எடுத்து அதற்கடுத்த படியில் வைத்து, வீட்டுக்குள் ஏறக் கற்றுக்கொடுப்பதுதான்.