மாற்றும் அகற்றும்: சென்னையின் வீட்டுவசதிச் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1970இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு இரண்டு பெயர்கள். தமிழில் குடிசை மாற்று வாரியம். ஆங்கிலத்தில் ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு. ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு என்றே எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். ஆனால் 'மாற்று' என்பதும் 'கிளியரன்ஸ்' என்பதும் ஒன்றல்ல. மாற்றும்போது ஒன்றிருந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. கிளியரன்ஸில் இடம் மட்டும் மிஞ்சுகிறது. இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தச் சொல்லுக்குள் பதில் கிடையாது. சென்னையின் ஏழைகளுக்கான வீட்டுவசதி வரலாற்றை, ஒரு நிறுவனம் தன் தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ஆங்கிலப் பெயருக்கு நகர்ந்த வரலாறாக வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோதான் அடுக்குமாடிகளைக் கட்டியது. நொச்சிக்குப்பம் ஓர் உதாரணம். வீடுகள் சின்னவை, காரை பெயர்ந்தது, மழைக்கு ஒழுகியது எல்லாம் உண்மைதான். ஆனால் மீனவர் கடலை விட்டுப் போகவில்லை. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனுடன் வந்த திட்டங்கள் வேறொரு வழியைக் காட்டின. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் போன்ற இடங்களில் வீடாகக் கட்டிக் கொடுக்காமல், சிறுமனையும் தண்ணீர், சாக்கடை, சாலை வசதிகளும் கொடுத்தார்கள். பெரிய மனைகளை விற்ற லாபம் சின்ன மனைகளைத் தாங்கியது. கையில் காசு சேரச் சேர ஜனங்கள் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பல வருமானத்துக்காரர்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ முடிந்தது.

பிறகு வந்தது வேறு கதை. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், அதே பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி. அதற்கும் பிறகு எட்டு அடுக்குகளாகப் பெரும்பாக்கம். நகரத்தின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். ஒரே சாலை இரண்டு விதமான ஆட்களை நகருக்குத் தெற்கே கொண்டுவந்தது: ஒரு சாராரை வேலைக்கு அழைத்து, இன்னொரு சாராரை வேலையிலிருந்து பிரித்து. நீதி கேட்டு அரசவைக்குப் போய், பின் நகரையே எரித்தவளின் பெயரை, நகரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியது யாருடைய யோசனையோ! அதன் சுவர்களில் பெரிய வண்ணச் சித்திரங்கள் வந்தது 2020இல்.

இந்த நகர்வு எப்படிச் சாத்தியமாயிற்று? சொல்வதே செயலாகிவிடும் சில கூற்றுகள் உண்டு என்றார் மொழித் தத்துவவாதி ஆஸ்டின். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட ஒரு கூற்றைத்தான் நம்பி நிற்கிறது. ஒரு பகுதியைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. மேம்பாடும் பாதுகாப்பும் கோரலாம். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. குடிசைகள் வந்துகொண்டேயிருந்தன, அறிவிப்பு மட்டும் வரவில்லை. அறிவிக்கப்படாத குடிசைக்கு வருவாய்த் துறை மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஆக்கிரமிப்பு. அந்த நிலம் ஆறாகவோ குளமாகவோ இருந்துவிட்டால் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. மௌனமும் ஒரு செயல்தான்.

புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறம்பான நிலம்: மேய்ச்சல், நீர்நிலை, பாதை. எல்லோருக்கும் பொதுவானது. சென்னைப் பேச்சில் அது ஒரு வசவு. பொதுவானதைக் கேவலமாகப் பார்க்கிற மனநிலை மொழிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நெடுங்காலம் ஏடுகளில் வெறும் தரிசுதான். 2022இல் அதன் ஒரு பகுதி ராம்சார் தலமாக அங்கீகரிக்கப்படும்போது, சுற்றிலும் அலுவலகங்களும் கல்விக்கூடங்களும் குப்பைமேடும் அதைத் தின்று முடித்திருந்தன. கூவத்தையும் அடையாற்றையும் மீட்க வேண்டும் என்கிறார்கள். மீட்கத்தான் வேண்டும். ஆனால் சூழலியத்தின் பெயரால் முதலில் எழுப்பப்படுவது கரையோரக் குடிசை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி அனுப்பி வைத்த பெரும்பாக்கமோ அதே சதுப்பின் விளிம்பில் இருக்கிறது. செம்மஞ்சேரியில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. நீடித்த வளர்ச்சி, சரி. யார் நீடிப்பதற்கு?

'மலிவு விலை வீடு' என்ற தொடரையும் இங்கே பார்க்க வேண்டும். மலிவு என்பது பொருளின் விலையைப் பற்றியது. வீட்டுப் பேச்சில் நாம் அந்தச் சொல்லையா பயன்படுத்துகிறோம்? 'கட்டுபடியாகுமா?' என்றுதானே கேட்கிறோம். கட்டுபடி என்பது ஒரு பொருளுக்கும் ஒரு வாழ்க்கைக்கும் உள்ள உறவு. மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிய ஒரு பெண்ணுக்கு, இருபது கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் வீடு மலிவுதான், இலவசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி வேலைக்கு நாலரைக்குக் கிளம்ப வேண்டும், பஸ் வர வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டும். ரெண்டு மாசத்தில் ஒரு வீட்டு வேலை போகும், அப்புறம் இன்னொன்று. வீடு மலிவு, கட்டுபடியாகவில்லை. நிறையப் பேர் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ நகரத்துக்குத் திரும்புவதை 'கொடுத்த வீட்டை வித்துட்டு வந்துட்டாங்க' என்று நம் நடுத்தர வர்க்கம் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுகிறது. அது வெறும் கணக்கு.

2008இல் வந்த இரண்டாவது பெருந்திட்டம், பெரிய குடியிருப்புத் திட்டங்களில் பத்து சதவீத இடத்தைக் குறைந்த வருவாய்க்காரர்களுக்கு, அங்கேயோ 2 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள்ளோ ஒதுக்கச் சொன்னது. அந்த 2 கிலோமீட்டர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நகரத் திட்டமிடல் தூரத்தை ஓர் உரிமையாக யோசித்த அபூர்வமான இடம் அது. அதே அளவை அரசு தனக்கும் வைத்துக்கொண்டால் என்ன? தரமணியைச் சுற்றி எத்தனை அரசு வளாகங்கள்! பறக்கும் ரயில் நிலையங்களின் பிரம்மாண்டமான தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்களுக்கும் இரவில் காவல் நிற்பவர்களுக்கும், நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் அரசே வாடகை வீடு கட்டலாம். சொந்தமாகத் தர வேண்டும் என்றுகூட இல்லை.

2021இல் வாரியத்தின் பெயர் மறுபடி மாறியது: தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 'குடிசை' போய்விட்டது, 'கிளியரன்ஸ்' போய்விட்டது. நல்லதுதான். ஆனால் 'மாற்று' என்ற சொல்லும் கூடவே போய்விட்டது. 'வாழ்விடம்' என்கிற புதுச் சொல்லில் வாழ்வும் இடமும் ஒட்டியே இருக்கின்றன. இனி ஒவ்வொரு மறுகுடியமர்வு ஆணையையும் இந்தச் சொல்லை வைத்தே கேள்வி கேட்க வேண்டும்: வாழ்வு இங்கே, இடம் எங்கே?