பெர்மாவின் எண்ணும் ஆய்லரின் 641-உம்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணியை வைத்து, அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டித்துக்கொண்டே செல்லும் கதையை யாவரும் அறிவர். முப்பத்து மூன்றாம் கட்டத்தில் வைக்க வேண்டிய மணிகள் 429,49,67,296. இதனோடு ஒரு மணியைக் கூட்டினால் வரும் 429,49,67,297 என்னும் எண், கணித வரலாற்றில் ஒரு பெருந்தவற்றை வெளிப்படுத்திய எண்ணாகும்.

பிரான்ஸ் தேசத்துத் தூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்தவர் பெர்மா. 2, 4, 16, 256, 65536 என ஒவ்வொன்றையும் வர்க்கித்து அடுத்ததைப் பெற்று, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்களே. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் வருபவை யாவும் பகா எண்களே என 1640-இல் அவர் கருதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்றும் நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

ஆறாவதாக வருவதே நமது எண். இதனைச் சோதிக்க 65536 வரையுள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். எவரும் துணியவில்லை போலும்! 1732-இல் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த ஆய்லர், 641 இதனை மீதியின்றி வகுக்கும் எனக் காட்டினார். ஈவு 67,00,417, அதுவும் பகா எண்ணே. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கோடு 1 கூடியதாகவே இருக்கும் என்பது அவர் பின்னர் விளக்கிய விதி. அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஆகவே ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிட்டிவிடும்.

வகுக்காமலும் இதனை வகுப்பில் மெய்ப்பிக்கலாம். 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதற்கு 640 + 1, அதாவது 641, ஒரு காரணி. எனவே அவ்வடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. இனி, 640 என்பது 5 × 128. ஆதலின் அதன் நான்காம் அடுக்கு, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். 625-க்குப் பதிலாக 641 − 16 என எழுதுக. முதற்பகுதி 641-இன் மடங்கு. கழிக்கப்படும் பகுதி 2-இன் 32-ஆம் அடுக்கு. கழித்த பின்னும் மீதி 1 என்பதால், 2-இன் 32-ஆம் அடுக்கு 641-இன் ஒரு மடங்கிற்கு ஒன்று குறைந்ததாகவே இருத்தல் வேண்டும். அந்த ஒன்றைக் கூட்டியதுதானே நமது எண்!

ஐந்து உதாரணங்கள் சரியாயின் விதியும் சரியே என வாதிடும் மாணவனுக்கு இதைவிடத் தக்க மறுமொழி கிடைத்தல் அரிது.

பெர்மாவின் கருத்துப் பொய்த்தாலும் எண்கள் பயனற்றுப் போகவில்லை. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவற்ற கோலும் மட்டும் கொண்டு வரைய இயலும் என 1796-இல் காஸ் கண்டது இவ்வரிசையின் துணையால்தான். முதல் ஐந்துக்குப் பின் வேறொரு பகா எண் இவ்வரிசையில் இன்றளவும் அகப்படவில்லை. 2-இன் 10,48,576-ஆம் அடுக்கோடு 1 கூடிய உறுப்பு பகு எண் என்பது 1987-இல் கணிப்பொறியால் உறுதியாயிற்று. ஆயினும் அதன் காரணிகளுள் ஒன்றேனும் இன்னும் கிட்டவில்லை.