தங்கள் கட்டத்தைத் தாங்களே போட்டவர்கள்

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டுக்காரர். 1962-ல் லண்டனிலிருந்து வெளியான 'வேலியன்ட்' வார இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. பத்தாண்டு கழித்து முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நகரும் அந்தக் கட்டங்களை இங்கே இரண்டு தலைமுறை வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் மூல இதழில் பிளாஸ்கோவின் பெயர் அச்சாகவில்லை. அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் அதுதான் வழக்கம். வரைந்தவருக்குக் கூலி, பாத்திரம் கம்பெனிக்கு.

அமெரிக்காவில் பெயர் போடும் பழக்கம் பிறகு வந்தது, ஆனால் உரிமை வரவில்லை. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்த கதை பலருக்கும் தெரியும். அதன்பின் அந்தத் தொழில் பாகம் பாகமாகப் பிரிந்தது. கதை ஒருவர், பென்சில் ஒருவர், பென்சில்மீது மை போடுவது ஒருவர், பலூனுக்குள் எழுத்து ஒருவர், வண்ணம் ஒருவர். ஓவியர் மாறினாலும் பாத்திரத்தின் முகம் மாறக் கூடாது. மாதம் தவறாமல் இதழ் வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இப்படி வந்த காமிக்ஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டெக்ஸ் வில்லர் இதழ் வந்தால் இன்றைக்கும் முதல் வேலை அதைப் பிரிப்பதுதான்.

சக வாசகர்களுக்கு நான் சொல்ல வருவது இதற்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ஆற்றைப் பற்றி. மாற்று காமிக்ஸ், சுயாதீன காமிக்ஸ் என்று அதற்குப் பெயர். கதையும் பாத்திரமும் படைத்தவருக்கே சொந்தம். அச்சிடுவது சிறு பதிப்பகம், இல்லையென்றால் படைத்தவரே கைக்காசு போட்டு அச்சிடுவார். இதைப் பணவிவகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், யாருக்குச் சொந்தம் என்பது கட்டத்தின் அளவு வரைக்கும், பேனா முனை வரைக்கும் இறங்கி வந்து பக்கத்தையே மாற்றிவிடுகிறது. அது எப்படி என்று சில புத்தகங்களைத் திறந்து பார்த்தால் தெரியும்.

முதலில் காமிக்ஸ் என்ற கருவி இயங்கும் விதம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறதே, கதை நடப்பது அங்கேதான். ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' புத்தகத்தில் இதற்கு ஓர் உதாரணம் தருகிறார். முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரம், மேலே ஓர் அலறல். வெட்டு எந்தக் கட்டத்திலும் வரையப்படவில்லை. வெட்டியது வாசகர். சாகசக் கதைகள் இந்த இடைவெளியை வேகத்துக்குப் பயன்படுத்தின. ஒரு கட்டத்தில் குத்து, அடுத்ததில் எதிரி சுவரோரம் கிடப்பான். அதே இடைவெளியில் வேறு என்னென்ன வைக்கலாம் என்று தேடிப்போனவர்கள்தான் மாற்று காமிக்ஸ்காரர்கள்.

ஹார்வி பீக்கரை எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்து நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் கோப்புகளை அடுக்கி எடுத்துத் தரும் குமாஸ்தா. ஜாஸ் இசைத்தட்டுப் பைத்தியம். அவருக்கு வரையத் தெரியாது. தாளில் கட்டம் போட்டு, குச்சி மனிதர்களைக் கிறுக்கி, பேச்சை எழுதி ஓவியர்களிடம் கொடுப்பார். 1976-ல் 'அமெரிக்கன் ஸ்ப்ளென்டர்' என்று சொந்தச் செலவில் இதழ் போட ஆரம்பித்தார், ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று. அதில் வருவதெல்லாம் அவர் வாழ்க்கை. ஆபீஸ் பேச்சு, பழைய கார், சூப்பர் மார்க்கெட்டில் எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் பில் போடலாம் என்ற கவலை.

இசைத்தட்டு மூலம் நண்பரான ராபர்ட் கிரம்ப் அவருக்கு வரைந்து கொடுத்த நான்கு பக்கக் கதை ஒன்று உண்டு. கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் ஒரே ஆள் நம்மைப் பார்த்து நின்று பேசுகிறார். டெலிபோன் டைரக்டரியில் தன் பெயரிலேயே இன்னும் இரண்டு ஹார்வி பீக்கர்கள் இருப்பதைப் பார்த்தாராம். நேரில் சந்தித்ததே இல்லை. பிறகு அவர்கள் இறந்துபோன செய்தி வருகிறது, மனசு கனக்கிறது. கொஞ்ச நாளில் டைரக்டரியில் இன்னொரு ஹார்வி பீக்கர். கதை அவ்வளவுதான். நடுநடுவே அவர் வாயைத் திறக்காத கட்டங்கள் வருகின்றன. சும்மா பார்க்கிறார். அந்தக் கட்டத்தில் நம் கண் ஒரு நொடி நிற்கிறது, அவர் யோசிப்பதை நாமும் யோசிக்கிறோம். பக்கத்துக்கு இத்தனை சண்டை வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர் மேலே இருந்தால் இந்தப் பேசாத கட்டங்கள் அச்சுக்குப் போயிருக்காது. எழுத்தாளராக விரும்புகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய நான்கு பக்கம் இது.

கோட்டுக்கு வருவோம். வழக்கமான அமெரிக்க காமிக்ஸில் ஓவியர் பெரிய அட்டையில் வரைவார். அச்சிடும்போது அதைச் சுருக்குவார்கள். சுருங்கும்போது கை நடுக்கம், பிசிறு எல்லாம் மறைந்து கோடு கச்சிதமாகிவிடும். ஆர்ட் ஸ்பீகல்மேன் 'மவுஸ்' கதைக்கு இதைச் செய்யவில்லை. யூத அழித்தொழிப்பிலிருந்து தப்பிய தன் தந்தை விளாடெக்கின் நினைவுகளை அவர் ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார். அதைச் சாதாரண மைப் பேனாவால், புத்தகத்தில் எந்த அளவில் வருமோ அதே அளவில் வரைந்தார். யாரோ எழுதிய டைரியைத் திறந்தது போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பக்கத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நிழலுக்காகப் போட்ட குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, சிறிய எழுத்துகள் பலூனின் விளிம்பில் முட்டுகின்றன. யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள் என்ற உருவகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சுருக்காத கோடுதான் அந்தப் புத்தகத்தின் உயிர். எலி முகத்துக்குப் புள்ளி போன்ற இரண்டு கண்தான். அதற்கு மேல் முகபாவம் கிடையாது. துக்கம் முழுவதையும் சுமப்பது கோடு.

ஸ்பீகல்மேனும் அவர் மனைவி பிரான்ஸ்வாஸ் மூலியும் 1980-ல் தொடங்கிய 'ரா' என்ற பெரிய அளவுப் பத்திரிகைக்குள், செருகி வைத்த ஒரு சின்னப் புத்தகமாகத்தான் 'மவுஸ்' அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. நூலாகக் கொண்டுவரக் கேட்டபோது பல பதிப்பகங்கள் கையை விரித்தன. முதல் தொகுதி 1986-ல், இரண்டாவது 1991-ல் வந்தது. மறு ஆண்டு சிறப்பு புலிட்சர் விருது கிடைத்தது.

இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஏன் கறுப்பு வெள்ளை என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்பக் காரணம் காசு. வண்ணத்துக்கு நான்கு பிளேட், கறுப்புக்கு ஒன்று. 1970-களில் அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. விற்காத இதழைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்தக் கடைகள் சரக்கு எடுத்ததால், எத்தனை பிரதி அடிக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. சிறியவர்கள் பிழைத்தது அதனால்தான். காசில்லாமல் வந்த கறுப்பு மை பிறகு ஓர் அழகாகவே நிலைத்துவிட்டது. மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' புத்தகத்தில் நிழல்கூடக் கிடையாது. ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை. ஈரானில் புரட்சிக்குப் பிறகு முக்காட்டுக்குள் போன பள்ளிச் சிறுமிகளை வரைய அதைவிடப் பொருத்தமான மை வேறு இல்லை. அதை முதலில் வெளியிட்டது 'லாசோசியாசியோன்', பாரிஸில் ஓவியர்களே 1990-ல் சேர்ந்து ஆரம்பித்த பதிப்பகம்.

நம் நாட்டுக்கு வந்தால், முதலில் நான் கையில் கொடுப்பது 'பீமாயணம்'. 2011-ல் நவயானா வெளியீடு. ஓவியம் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்கள். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைத் தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மூன்று பகுதிகளாகச் சொல்கிறது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரைய வியாம் தம்பதி சம்மதிக்கவில்லை. தங்கள் ஓவியம் திறந்தவெளியில் இருப்பது, அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் பக்க நியாயம். ஆகவே கட்டமே இல்லாத காமிக்ஸ் அது. வீட்டுச் சுவரிலும் தரையிலும் தாங்கள் போடும் 'திக்னா' கோலத்தைப் பக்கத்தில் வளைத்து ஓடவிட்டு, அதையே காட்சிக்கும் காட்சிக்கும் எல்லையாக வைத்தார்கள்.

அதைவிட நுட்பம் பலூனில் இருக்கிறது. கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை உருவத்துக்குள் வருகிறது. சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் பலூன் வால் தேள்கொடுக்காக வளைந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் நினைப்பதென்றால் அந்த பலூனில் ஒரு கண் இருக்கும், மனக்கண். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே கொட்டப்போகும் பேச்சு எது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். நூறாண்டுக் காமிக்ஸ் வரலாற்றில் பேச்சு பலூனை இப்படி மாற்றிப் போட்டவர்கள் மிகக் குறைவு. அதைச் செய்தவர்கள் காமிக்ஸ் மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. நர்மதை அணைப் போராட்டத்தை வைத்து ஒரிஜித் சென் 1994-ல் கொண்டுவந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'. பழங்குடிகளின் படைப்புக் கதையும் ஒரு பத்திரிகையாளரின் பயணமும் அதில் பின்னிப் போகின்றன. வெகுகாலம் கிடைக்காமல் இருந்த இந்த நூலை 2022-ல் மறுபதிப்பு செய்தது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம்.

ஈழப் போரின் கடைசி ஆண்டுகளைப் பேசும் 'வன்னி' 2019-ல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், போர்க்காலத்தில் வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். வரைந்தவர் லிண்ட்சே போலக். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கி, 2004 சுனாமி முதல் 2009 வரை அவர்களோடு நம்மை நடக்க வைக்கிறார்கள். இரவில் படிக்க எடுக்காதீர்கள், தூக்கம் வராது. ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இதே வகையில் ஜோ சாக்கோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. மால்டாவில் பிறந்த பத்திரிகையாளர். நேரில் போய்ப் பார்த்து, பேசி, வரைந்து செய்தி தருபவர். 2009-ல் வந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காசா' 1956-ல் கான் யூனிஸிலும் ராஃபாவிலும் நடந்த படுகொலைகளைத் தேடிப் போகிறது. சாட்சிகள் முதியவர்கள், நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முரணை மறைக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைக்கிறார். தன்னை வரையும்போது மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் கண் போடுவதில்லை.

நீண்ட கதை பிடிக்கும் என்றால் ஹெர்னாண்டஸ் சகோதரர்களின் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்'. 1981-ல் முதல் இதழைத் தாங்களே அச்சிட்டார்கள், அடுத்த ஆண்டு முதல் ஃபேன்டாகிராஃபிக்ஸ் வெளியிடுகிறது. சகோதரர்களில் ஒருவரான ஹைமே வரையும் மேகி தொடக்கத்தில் பதின்வயதுப் பெண். நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடிய கதையில் அவளுக்கும் வயது ஏறி, உடம்பு கனத்து, முகத்தில் கோடு விழுந்திருக்கிறது. கம்பெனிக்குச் சொந்தமான பாத்திரத்துக்கு இப்படி மூப்படைய அனுமதி கிடைப்பது அபூர்வம்.

கிறிஸ் வேரின் 'பில்டிங் ஸ்டோரிஸ்' 2012-ல் ஒரு பெட்டியாக வந்தது. உள்ளே சிறியதும் பெரியதுமாக 14 அச்சுப் பொருட்கள். எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். விலை அதிகம், நூலகத்திலோ நண்பரிடமோ பார்க்கலாம். ஜப்பானிலிருந்து யோஷிஹாரு ட்சுகேயின் 'தி மேன் வித்தவுட் டேலன்ட்'. ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை அதே கரையில் கடை போட்டு விற்க உட்காரும் ஒரு தோற்றுப்போன ஓவியரின் கதை. ஒருவரும் வாங்குவதில்லை. ஓய்வான நாளில் மெதுவாகப் படிக்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால் 'பீமாயணம்', 'பெர்செபோலிஸ்' இரண்டிலிருந்து. இரண்டும் தமிழிலும் வந்திருக்கின்றன. அடுத்து 'மவுஸ்'. சாக்கோவும் 'வன்னி'யும் மனம் தயாரான பிறகு. சாகசக் கதையின் வேகத்தில் பக்கம் புரட்ட வேண்டாம். பேச்சில்லாத கட்டம் வந்தால் நின்று பாருங்கள்.

படிப்பதோடு நிற்க வேண்டுமென்பதும் இல்லை. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். தாளை அகலவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பின் மத்தியிலிருந்து அடுத்த மடிப்புக் கோடு வரை கத்தரியுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் வெட்டு விரியும். அப்படியே சுற்றி மடக்கினால் ஊசியும் பசையும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம். பக்க எண்களைப் பென்சிலால் குறித்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், எந்தக் கட்டம் தலைகீழாக வரும் என்று தெரிந்துவிடும். ஒரே பக்கத்தில் எல்லாம் அமைவதால் ஜெராக்ஸ் செலவும் பிரதிக்கு ஒரு தாள்தான். பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கும், கறுப்பு ஜெல் பேனாவில் அழுத்தி வரையுங்கள். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடுங்கள், மெஷின் அந்த இடத்தை வெட்டிவிடும்.